தினமும் 300 சொல்லா, சனிக்கிழமை முழுக்கவா, வாரம் ஓர் அத்தியாயமா?

வேலைக்கும் போய்க்கொண்டு, முதல் நாவலையும் எழுதி, அதைத் தானே பதிப்பித்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் அட்டைப்படத்தைப் பற்றிக் கேட்பார்கள், ராயல்டியைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் முதலில் கேட்பது, "நீங்க எப்ப எழுதுவீங்க?" என்றுதான். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: எனக்குத்தான் நேரமே இல்லையே, இதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் எந்த முறையில் உட்காருவது என்று ஆரம்பத்திலேயே கொஞ்சம் யோசித்துக்கொண்டால் பாதியில் கைவிடுவது குறையும். நான் இரண்டு நாவல்களைச் சொந்தமாகப் போட்டிருக்கிறேன். முதலாவதைச் சனிக்கிழமைகளில் எழுதினேன். இரண்டாவதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டுக்கும் நடுவில், வாரம் ஓர் அத்தியாயம் என்று இணையத்தில் தொடராக ஆரம்பித்த ஒன்று ஒன்பதாவது வாரத்தோடு நின்றுபோனது. மூன்று முறையிலும் அடிபட்டவன் என்ற ஒரே தகுதியில்தான் இந்த ஒப்பீடு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நாவலுக்கு 60,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 300 சொல், வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் வாரத்துக்கு 1,500. சனிக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால், போன வாரம் எழுதியதைப் படித்துப் பிடித்துக்கொள்ளவே 40 நிமிடம் போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் மணிக்கு 450 சொல் வந்தால் அதுவும் 1,500. வாரம் ஓர் அத்தியாயம் தொடராகப் போட்டால், இணையத்தில் ஒரே மூச்சில் படிக்கத் தோதான நீளம் என்று நான் வைத்துக்கொண்டதும் அதே 1,500தான். ஆக மூன்று வழியிலும் முதல் வரைவு முடிய 40 வாரம். எது வேகம் என்ற கேள்வி இங்கேயே செத்துவிடுகிறது.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? இந்த 40 வாரத்தில் ஏதாவது ஒரு வாரம் நிச்சயம் குலையும். காய்ச்சல் வரும், அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மாதம் வரும், வீட்டில் கல்யாணம் வரும். அப்படிக் குலைந்த பிறகு திரும்பி வந்து உட்கார எந்த முறை சுலபமாக இருக்கிறது? நான் பார்ப்பது இதை மட்டும்தான். ஒப்பந்தம் போட்ட எழுத்தாளருக்குக் கெடு இருக்கிறது, போன் செய்து நச்சரிக்க ஓர் எடிட்டர் இருக்கிறார். சொந்தமாகப் பதிப்பிக்கிற நமக்கு யாரும் இல்லை. நாளையிலிருந்து எழுதாமல் விட்டால் உலகத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது. அந்தச் சௌகரியம்தான் நம்முடைய பெரிய ஆபத்து.

தினமும் கொஞ்சம்

இந்த முறைக்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் ஆன்டனி டிராலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர். பிழைப்புக்குத் தபால் துறையில் வேலை. விடியற்காலை 5:30 மணிக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிவிடுகிற வேலைக்காக மட்டும் வீட்டுக் குதிரைக்காரருக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். இப்படியே 47 நாவல்கள். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்த அடுத்த வருடம், 1883-இல், அது வெளிவந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் நமக்கு ஒரு குற்ற உணர்ச்சி வருகிறது, அலாரத்தை ஐந்து மணிக்கு வைக்கிறோம், நான்காம் நாள் அணைத்துவிட்டுத் தூங்குகிறோம். அதே சுயசரிதையில் இருக்கிற வேறு இரண்டு விவரங்களை யாரும் சொல்வதில்லை. ஒன்று, தினமும் முதல் அரை மணி நேரம் அவர் முந்தைய நாள் எழுதியதைப் படித்தார். அதற்குப் பிறகுதான் கடிகாரம். இரண்டாவது, அவர் இலக்கு வைத்துக்கொண்டது வாரத்துக்கு. வாரம் சராசரியாக 40 பக்கம், பக்கத்துக்கு 250 சொல். வேலைப் பளு அதிகமான காலத்தில் அதை 20 பக்கமாகக் குறைத்துக்கொண்டார். ஒரு சமயம் 112 வரைக்கும் போயிருக்கிறது. தினசரி ஒழுக்கத்துக்குப் பெயர்போன மனிதரே கணக்கை வாரத்தில்தான் வைத்திருந்தார், அதையும் நிலைமைக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கினார். எனக்கு இதுதான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாகத் தெரிகிறது. ஐந்து மணி அலாரம் அப்புறம்.

இன்னொரு பக்கம் டோனி மாரிசன். பதிப்பகத்தில் எடிட்டர் வேலை, தனியாக வளர்க்க வேண்டிய இரண்டு சின்னப் பையன்கள். பிள்ளைகள் "அம்மா" என்று கூப்பிடுவதற்கு முன்னால் கிடைத்த விடியற்கால நேரத்தில் எழுத ஆரம்பித்தார். 1970-இல் முதல் நாவல் வந்தபோது அவருக்கு 39 வயது. ஆனால் தன்னால் ஒழுங்காகத் தினமும் எழுத முடிந்ததே இல்லை, முழுநேர வேலை இருந்ததால் கிடைத்த இடைவெளியிலும் வார இறுதியிலும் விடியலுக்கு முன்னாலும்தான் எழுதினேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவரின் நிலைமையே இதுதான் என்றால், செவ்வாய்க்கிழமை எழுதவில்லை என்பதற்காக நாம் துக்கம் காக்க வேண்டியதில்லை.

சரி, 300 சொல் என்பது ரொம்பக் குறைவாக இல்லையா? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் தினம் 1,000, 2,000 என்கிறார்களே? இங்கே ஒரு விஷயத்தை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள் வேற்றுமையும் காலமும் இடமும் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று எழுதினால் கணினி அதை ஒரு சொல் என்றுதான் எண்ணும். அதே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். அங்கே எழுதிவைத்த இலக்கை இங்கே அப்படியே தூக்கிவந்து வைத்தால் தினமும் தோற்றுப்போன உணர்வுதான் மிஞ்சும். 300 தமிழ்ச் சொல் என்பது ஒரு சின்னக் காட்சி. ஒருவர் வீட்டுக்குள் வந்து, ஏதோ கேட்டு, பதில் பிடிக்காமல் வெளியே போவதற்குத் தாராளமாக இடமிருக்கிறது.

தினசரி முறையின் பெரிய லாபம் சொல் எண்ணிக்கையில் இல்லை. கதை தலைக்குள் சூடு ஆறாமல் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் எழுதிவிட்டுப் போனால், பேருந்திலும் வரிசையில் நிற்கும்போதும் மனசு தானாகவே அடுத்த காட்சியைப் புரட்டிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, நேரமும் ஒதுக்க வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. என் இரண்டாவது நாவலின் கைப்பிரதியை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். பத்து அத்தியாயம் படித்துவிட்டு, "எதுக்கு ஒவ்வொரு ஒண்ணரைப் பக்கத்துக்கும் ஒரு பஞ்ச் வச்சிருக்கே?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை ஓய்ந்தது, அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை, விளக்கு அணைந்தது. கோடு போட்ட இடங்களை என் நோட்டோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவை ஒவ்வொரு நாளும் நான் எழுதி நிறுத்திய இடங்கள். 300 சொல் முடிந்த திருப்தியில் தினமும் ஒரு முடிவுரை மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருக்கிறேன். வாசகருக்கு அது தெருவில் இருபதடிக்கு ஒரு வேகத்தடை. அறுபதுக்கும் மேல் அப்படி வெட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: காட்சி முடிகிற இடத்தில் நிறுத்துவதில்லை. முடிந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்துவது ஹெமிங்வே கடைப்பிடித்த பழக்கம். நான் அதை இன்னும் கொஞ்சம் கொச்சையாகச் செய்கிறேன், அவ்வளவுதான். மறுநாள் காலை பாதி வாக்கியம் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தால் அதை முடிக்காமல் இருக்கக் கை சும்மா இருப்பதில்லை.

சனிக்கிழமை முழுக்க

இந்த முறையில் ஒரு கவர்ச்சி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, வேறு உலகத்துக்குள் போய்விடுவது. எழுத்தாளன் என்றாலே இப்படித்தான் என்று நமக்கு ஒரு சித்திரம் இருக்கிறது.

அந்தச் சித்திரத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 1987 கோடையில் கசுவோ இஷிகுரோ நான்கு வாரங்களுக்குத் தன் நாட்காட்டியை முழுக்கத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். திங்கள் முதல் சனி வரை காலை 9 மணி முதல் இரவு 10:30 வரை எழுத்து. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம். கடிதத்துக்குப் பதில் கிடையாது, போன் பக்கம் போவது கிடையாது. அந்த நான்கு வாரத்தில் உருவான நாவல் 1989-இல் புக்கர் பரிசு வாங்கியது. ரே பிராட்பரி செய்தது இன்னும் விசித்திரம். வீட்டில் குழந்தைகள், தனி அறைக்கு வாடகை கொடுக்க வசதியில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அரை மணிக்கு 10 சென்ட் காசு போட்டால் ஓடுகிற வாடகைத் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. அங்கே உட்கார்ந்து 9 நாளில் சுமார் 25,000 சொல் கொண்ட ஒரு குறுநாவலை அடித்து முடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இஷிகுரோ அதற்கு முன்பே அந்தக் கதைக்குத் தேவையான வாசிப்பையும் தேடலையும் முடித்துவைத்திருந்தார். சமையலிலும் வீட்டு வேலையிலும் தன் பங்கை அந்த மாதம் முழுக்க விட்டுவிட முடிந்தது. அதற்குள் அவர் வேறு வேலை பார்க்காத முழுநேர எழுத்தாளர். வந்த வரைவிலும் மோசமான வாக்கியங்களை அப்படியே விட்டுக்கொண்டு ஓடினேன் என்றுதான் சொல்கிறார். பிராட்பரியின் 25,000 சொல் பிறகு ஏறக்குறைய இரண்டு மடங்காக வளர்ந்துதான் 1953-இல் நாவலாக வந்தது. வெள்ளம் போல எழுதியவர்களும் கரையைப் பிறகு உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள்.

காஃப்காவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் வருத்தம் வரும். காப்பீட்டு நிறுவனத்தில் காலை 8 முதல் மதியம் 2 வரை வேலை, இரவில் எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை 6 மணிக்கு ஒரு முழுச் சிறுகதையோடு எழுந்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் பரவசப்பட்டார். எட்டு மணி நேரத்துக்குள் அடங்குகிற வடிவம் சிறுகதை. நாவல் ஒரு ராத்திரிக்குள் அடங்காது. அவர் ஆரம்பித்த மூன்று நாவல்களும் முடியாமலே நின்றன. அதற்கு உடல்நலம் உட்பட நூறு காரணம் இருக்கலாம். முறையின் மேல் மட்டும் பழி போட நான் யார்? ஆனாலும், ஒரே மூச்சில் எழுதுவதை மட்டுமே உண்மையான எழுத்து என்று நம்புகிறவர்கள் சிறுகதை எழுதுவது நல்லது என்று நினைக்கிறேன்.

என் சனிக்கிழமைகளின் நிஜ நிலவரத்தைச் சொல்கிறேன். காலை 9 மணிக்கு ஃபைலைத் திறப்பேன். ஆறு நாளாகப் பார்க்காத கைப்பிரதி அது. வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கும். கடைசி அத்தியாயத்தைப் படிப்பேன். அதில் ஒரு வரி உறுத்தும், திருத்துவேன். அந்தத் திருத்தம் முந்தைய அத்தியாயத்தில் இன்னொன்றை இழுக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் என்ன என்று தேடுவேன். மணி 9:50. புது வரி ஒன்றுகூட இல்லை. அப்புறம் வேகம் பிடித்து, 11 மணிக்கு உண்மையிலேயே கதைக்குள் இருக்கும்போது வீட்டில் யாராவது கதவைத் தட்டுவார்கள். சனிக்கிழமை நமக்கு மட்டும் விடுமுறை இல்லையே. எல்லோருக்கும் நம்மிடம் ஆக வேண்டிய வேலை அன்றைக்குத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை தவறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தினசரிக்காரர் ஒரு நாள் தவறினால் 300 சொல் நட்டம், ஒரு ராத்திரி இடைவெளி கூடுதல். சனிக்கிழமைக்காரருக்கு 1,500 சொல் நட்டம், கதைக்கும் அவருக்கும் இரண்டு வார இடைவெளி. அடுத்த முறை உட்காரும்போது 40 நிமிடம் போதாது, ஒன்றரை மணி நேரம் வேண்டும். இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து தவறினால் ஃபைலைத் திறக்கவே பயமாக இருக்கும். என் முதல் நாவல் 40 வாரத்தில் முடியவில்லை. இரண்டு வருடத்தை ஒட்டி இழுத்தது. எழுதிய சனிக்கிழமைகளை விட, போன வாரம் எழுதாததற்காக என்னையே திட்டிக்கொண்ட சனிக்கிழமைகள் அதிகம்.

அதே சமயம், நீளமாகத் திறந்து கிடக்கிற நேரத்தில் மட்டுமே வருகிற சில காட்சிகள் உண்டு. ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் பேசிக்கொள்ளும் காட்சி அப்படி. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், யார் யார் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் மனசில் நிற்க வேண்டும். அதை அரை மணி, அரை மணியாக எழுதிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பாத்திரம் அறைக்குள் இரண்டாவது தடவை நுழைந்துவிட்டது.

வாரம் ஓர் அத்தியாயம்

தொடராக எழுதுவதன் பலம், நம்மிடம் இல்லாத அந்தக் கெடுவை அது கொண்டுவந்து கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை வாசகர்கள் காத்திருப்பார்கள் என்றால் வியாழன் ராத்திரி எழுதித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நம் காலத்து உதாரணம் ஆண்டி வியர். மென்பொருள் பொறியாளர். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். படித்தவர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் தப்பைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் வாசகர்களே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போடச் சொல்லிக் கேட்டதால் 2011-இல், அங்கே அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையான 99 சென்டுக்கு மின்னூலாக வெளியிட்டார். 2014-இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை அச்சில் கொண்டுவந்தது. அதே 2011-இல் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹ்யூ ஹோவி ஒரு நீண்ட கதையை மின்னூலாகப் போட்டார். வாசகர்கள் மேலே கேட்கக் கேட்கத் தொடர்ச்சிகள் எழுதினார். பிறகு அச்சு உரிமையை மட்டும் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சுயமாகப் பதிப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் பொறாமையோடு பேசுகிற ஒப்பந்தம் அது.

இவர்கள் ஜெயித்தவர்கள். நான் ஒன்பதாவது வாரத்தில் நின்றவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கதாநாயகியின் அப்பா நான்காவது வாரத்தில் இறந்துபோனார். அழுத்தமான காட்சி, நல்ல வரவேற்பு. எட்டாவது வாரம் அவள் ஊருக்குப் போன் செய்கிறாள், எடுத்தவர் அப்பா. வியாழன் ராத்திரி 11:40-க்கு எழுதிய வரி அது. வெள்ளிக்கிழமை காலையே ஒரு வாசகர், "அப்பா நலமா?" என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். முதல் வரைவில் எல்லோரும் செய்கிற பிழைதான். மேசை டிராயருக்குள் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் திருத்தியிருக்கலாம். தொடரில் அதை ஊரே பார்த்துவிட்டது. அடுத்த வாரம் அதைச் சரிக்கட்டுவதற்காகக் கதையையே வளைத்தேன், வளைத்தது எனக்கே பிடிக்கவில்லை, பத்தாவது வாரம் போடவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போடலாம் என்றால், இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று விளக்க வேண்டுமே என்ற கூச்சம். அதோடு சரி.

மூன்று முறைகளில் குலைந்த பிறகு திரும்பி வரக் கடினமானது தொடர்தான். மற்ற இரண்டிலும் நாம் நமக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். டிக்கன்ஸுக்கே இது நடந்திருக்கிறது. முதல் நாவலை மாதத் தொடராக எழுதிக்கொண்டிருந்தபோது, 1837 மே மாதம் மனைவியின் தங்கை திடீரென்று இறந்துபோனார். டிக்கன்ஸால் எழுத முடியவில்லை, ஒரு மாதப் பகுதி வரவே இல்லை. அடுத்த பகுதியில் வாசகர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். ஒரு சின்னக் குறிப்பு எழுதிவிட்டு நானும் தொடர்ந்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

தொடர் எழுதப் போகிறவர்களுக்கு நடைமுறையில் இன்னொரு விஷயம். இணையத்தில் முழுக்க வெளியிட்ட கதையைப் பிறகு, சொந்தமாக மின்னூல் போடுகிறவர்களுக்கான அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்து, சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கங்களுக்குப் பணம் பெற நினைத்தால், அந்த 90 நாள் காலத்தில் மின்வடிவத்தை வேறு இணையதளத்திலோ கடையிலோ வைக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரைதான் வெளியே வைத்திருக்கலாம். அதாவது தொடரை எடுத்துவிட வேண்டும், அதன் கீழே சேர்ந்த கருத்துகளோடு சேர்த்து. முதலிலேயே தெரிந்துகொண்டால் மனசு கஷ்டப்படாது.

விட்டுப்போன நாளுக்கு அடுத்த நாள்

பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நடு மதிப்பாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). அவர்கள் பார்த்தது சாப்பாடு, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி மாதிரியான பழக்கங்கள். நாவல் எழுதுவது இல்லை. ஆனால் அதில் ஒரு முடிவு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சங்கிலி அறுந்தால் எல்லாம் போச்சு என்று நாட்காட்டியில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலைக்குப் போகிறவர், முதல் நாவல் என்றால், முதல் வரைவுக்குத் தினசரி முறை. இலக்கு சின்னதாக இருக்கட்டும், கணக்கை டிராலப் மாதிரி வாரத்தில் வையுங்கள், வாரத்தில் இரண்டு நாளை எழுதாமலிருக்கவே ஒதுக்கிவிடுங்கள். தவறுகிற நாள் அந்த இரண்டில் போய் ஒளிந்துகொள்ளும்.

சனிக்கிழமைகளை இரண்டாவது வரைவுக்கு எடுத்துவையுங்கள். முழுக் கைப்பிரதியையும் தலையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் அத்தியாயத்தில் இடது கை உடைந்தவன் பதினோராம் அத்தியாயத்தில் அதே கையால் பெட்டியைத் தூக்குகிறானா என்று பார்க்கிற வேலைக்கு அரை மணி நேரத் துண்டுகள் உதவாது. மெய்ப்பு பார்ப்பதும் அப்படித்தான். சொந்தமாகப் பதிப்பிக்கிறவருக்கு எழுதி முடித்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது: எடிட்டரோடு ஒரு சுற்று, பக்க வடிவமைப்பு, அட்டை, பின்னட்டைக் குறிப்பு, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், பதிவேற்றம். இவற்றில் அட்டைக்காரரோடு பேசுவது மாதிரியானவை வேலைநாள் மாலைகளில் முடிந்துவிடும். மற்றவை சனிக்கிழமையைத் தின்னும். முதல் வரைவும் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த புத்தகம் எப்போது?

தொடர் எழுத ஆசையா? எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. குறைந்தது பாதிக் கதை கையில் எழுதி முடித்து இருந்தால் மட்டும். அப்போது வாரக் கெடு என்பது திருத்திப் போடுகிற கெடுவாக மாறிவிடுகிறது, புதிதாக எழுதுகிற கெடுவாக இருக்காது. ஒரு மாதம் படுத்துக்கிடந்தாலும் வாசகருக்குத் தெரியாது.

காலையா, இரவா என்பதைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விஷயம் இல்லை. உங்களை யாரும் தேடாத நேரம் எதுவோ அது. ஷிஃப்டு மாறி மாறி வேலை பார்க்கிறவர்களுக்கு மணிக்கணக்கே ஒத்துவராது. 'வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும்' என்பது மாதிரி ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுக்கொள்வது அவர்களுக்கு நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ராத்திரி வேலை முடிந்து விடிகாலையில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்வார். வீட்டுக்குள் போய்விட்டால் எழுத்து போச்சு என்பார். போன் தட்டச்சு செய்துகொடுப்பதில் சந்திப் பிழையும் பெயர்க் குழப்பமும் மலிந்திருக்கும்தான். திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது நாவலை இப்போது மேலே சொன்ன கலவையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் நோட்டில் இருப்பது: திங்கள் 310, செவ்வாய் ஒரு கோடு, புதன் இன்னொரு கோடு, வியாழன் 300, வெள்ளி 120. வெள்ளிக்கிழமை நிறுத்தியது 'கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது' என்ற இடத்தில். எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை எழுதிக்கொள்கிறேன்.